மோட்டார் கொட்டாய் பேண்டு

மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் போய், மோட்டார் கொட்டாய் பேண்டு என்று சொல்லிப் பாருங்கள். பாதிப் பேர் சிரிப்பார்கள், மீதிப் பேர் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். ஒரே பேண்டுக்கு இரண்டும் எப்படி நடக்கும் என்று கேட்டால், பதில் சொல்ல வேண்டியவள் அம்சவள்ளி. அவளோ அந்தப் பேச்சை எடுத்ததுமே முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டக் கிளம்பிவிடுவாள். ஆகவே நாமே சொல்லிக்கொள்ள வேண்டியதுதான்.

அரவை முடியப் போகிற மாசி மாதம். ஆலைக்குப் போகிற ரோட்டில் கரும்பு டிராக்டர்கள் ஒன்றன் பின் ஒன்றாக நின்றன. காற்றில் கரும்புப்பாகு வாடை, சோறு சாப்பிட்டால் சோற்றிலும் அதே வாடை. அம்சவள்ளியும் அவள் புருஷன் சுப்புராயனும் விளைச்சலில் பங்கு என்று வாரத்துக்கு எடுத்த நிலத்தில் வெட்டு நடந்துகொண்டிருந்தது. வெட்டாள் கலையரசன் தன் ஆட்களோடு வெட்டிக்கொண்டே வர, அம்சவள்ளி காய்ந்த கரும்புத் தோகையான சோகையை ஒதுக்கிக்கொண்டே பின்னால் வந்தாள். சோகை கிழித்து முழங்கை வரைக்கும் கீறல். அந்த நேரம் பார்த்து வரப்பு மேல் ஒருத்தன் வந்தான். கணுக்கால் தெரிகிற பேண்ட், தலையில் திரித்துத் திரித்துத் தொங்குகிற சடை, தோளில் ஆள் நீளத்துக்கு ஒரு கறுப்புப் பை.

“யாருடா அது சாமியாரு?” என்று சுப்புராயன் கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தான். அம்சவள்ளிக்குப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. அந்த நடை அவள் தூக்கி வளர்த்த நடை.

“அய்ய, தீனா!” என்று சோகையைப் போட்டுவிட்டு ஓடினாள்.

தீனதயாளன் அவள் தம்பி. அப்பா அம்மா போன பிறகு அவளிடம் வளர்ந்தவன். மீசை முளைக்கும் வயதில் ஒரு பரோட்டா மாஸ்டர் பின்னால் கேரளாவுக்குப் போனவன், வர்க்கலா கடற்கரையில் வெள்ளைக்காரர்கள் வந்து தங்குகிற ஒரு கொட்டகைக் கடையில் சமையலுக்கு நின்றுவிட்டான். பொங்கலுக்கோ தேருக்கோ வருவான், வந்த வேகத்தில் திரும்பிவிடுவான். ஒவ்வொரு தடவையும் அம்சவள்ளிக்கு, இந்தத் தடவையாவது இவன் இருந்துவிட மாட்டானா என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். ஆனால் வாய் திறந்து இரு என்று சொன்னதில்லை. அது புருஷன் வீடு, புருஷன் சோறு. கட்டிக்கொடுத்த வீட்டில் தம்பியையும் கொண்டுவந்து உட்கார வைத்தாள் என்று ஒரு பேச்சு வந்துவிட்டால்? அந்த நினைப்பிலேயே நாக்கு உள்ளே போய்விடும்.

“இன்னா மச்சான், பொணத்தத் தூக்கிகினு வந்துட்ட?” என்று சுப்புராயன் கறுப்புப் பையைத் தட்டினான்.

“கிட்டாரு மாமா. கடையில ஒரு வெள்ளக்காரன் வுட்டுட்டுப் போனான். கத்துக்கினேன்.”

“தலயில இன்னாடா அது? பேனு புடிச்சி செத்துறப் போற. உக்காரு, எண்ண வைக்கறேன்,” என்றாள் அம்சவள்ளி.

“அத்தத் தொடாதக்கா. அது பாட்டுக்குத் தோதா வெச்சிருக்கறது.”

“பாட்டு பாடறது வாயா தலையா?”

அன்றைக்கு மோட்டார் கொட்டாயில் கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும் வைத்துக்கொண்டு எல்லோரும் உட்கார்ந்தார்கள். கிணற்றோரம் மோட்டாரும் சுவிட்சுப் பெட்டியும் வைக்கிற ஓட்டுக் கட்டிடம்தான் மோட்டார் கொட்டாய். உள்ளே ஒரு கயிற்றுக் கட்டில் போட இடம் இருக்கும். கலையரசன் வழக்கம் போல வெளியே வேப்பமரத்தடியில், தன் ஆட்களோடு தூக்குச் சட்டியைத் திறந்துகொண்டிருந்தான்.

“அந்தக் கடையில காலையிலேர்ந்து ராத்திரி வரைக்கும் ஒரே பாட்டுதான் மாமா. ரெகேன்னு பேரு. ஜமைக்கான்னு ஒரு தீவு. அங்கயும் நம்மள மாதிரி கரும்புதான். வெயில்ல கரும்பு வெட்டி வெட்டி நொந்த ஜனங்களோட வழியில வந்த பாட்டு.”

“அங்கயும் வெட்டாளு கெடைக்க மாட்டானா?”

“அதெல்லாம் பாட்டுல வரல மாமா.”

சிரித்துக்கொண்டே கிட்டாரை எடுத்து மடியில் வைத்தான். அந்தப் பாட்டின் விசேஷம் என்னவென்றால், நாம் கை தட்டுகிற இடத்தில் கிட்டார் வாயை மூடிக்கொள்ளும். நாம் கையைத் தூக்குகிற இடத்தில் சக் என்று ஒரு வெட்டு விழும். கேட்கிறவனுக்கு முதலில் தடுமாறும், பிறகு கழுத்து தானாக ஆடும். அம்சவள்ளிக்கு ஒன்றும் பிடிபடவில்லை. வெளியே தூக்குச் சட்டி மூடியில் தட்டுகிற சத்தம் கேட்டது. கலையரசன் சோற்றை மறந்துவிட்டு மூடியைக் கவிழ்த்து வைத்து வாசித்துக்கொண்டிருந்தான்.

“இன்னாபா இது, நொண்டி மாடு நடக்கற மாதிரி இருக்குது. ஆனா அந்த நொண்டியும் ஷோக்காத்தான் நடக்குது,” என்றான்.

கலையரசன் வெட்டாள் மட்டும் இல்லை, பம்பைக்காரன். சுத்துப்பட்டு அம்மன் கோயிலில் கரகம் ஜோடித்தால் அவன் பம்பை இல்லாமல் நகராது. தீனதயாளன் எழுந்து போய் அவன் எதிரில் மண்ணில் உட்கார்ந்தான். அவ்வளவுதான். அன்று மத்தியான வெட்டு பாழ். சுப்புராயன் டிராக்டர்காரனுக்குப் பதில் சொல்லிச் சொல்லி ஓய்ந்து போனான்.

பேண்டு உண்டானது இப்படித்தான். கல்வராயன் மலை மேலிருந்து மரவள்ளிக் கிழங்கு லோடு இறக்கி வருகிற ராசு ஒரு நாள் வண்டிக்குத் தண்ணீர் ஊற்ற நின்றவன், சத்தம் கேட்டு உள்ளே வந்தான். வெள்ளிமலைப் பக்கத்து ஆள், பேச்சு கம்மி. நீயும் பாடேன் என்றதும் பொங்கலுக்கு எருது விடும்போது மலையில் பாடுகிற பாட்டொன்றை எடுத்துவிட்டான். மலைக்கு இந்தப் பக்கம் நின்று அந்தப் பக்கத்து ஆளைக் கூப்பிடுகிற குரல். கடைசி எழுத்தை இழுத்துக்கொண்டே போவான், அந்த இழுப்புக்கு அடியில் கிட்டார் சக் சக் என்று வெட்டும், பம்பை உருமும். கள்ளக்குறிச்சியில் இன்னிசைக் குழுவில் கீபோர்டு வாசிக்கிற சந்தோஷ் அதை போனில் பிடித்து யாருக்கோ அனுப்ப, அது ஊரெல்லாம் சுற்றிவிட்டுத் திரும்பவும் அம்சவள்ளி போனுக்கே வந்து சேர்ந்தது. பேர் என்ன என்று கேட்டார்கள். அதற்குள் கீபோர்டோடு தானும் வந்து சேர்ந்துகொண்ட சந்தோஷ் சுற்றுமுற்றும் பார்த்து, மோட்டார் கொட்டாய் பேண்டு என்று சொல்லிவிட்டான்.

சித்திரை வெயிலில் ஓடு பொரிந்தது. அவர்கள் மோட்டாரைப் போட்டுத் தொட்டித் தண்ணீரில் இறங்கி நனைந்துகொண்டு வந்து, ஈரத் துண்டோடு வாசித்தார்கள். முதலில் வேப்பமரத்தடியை விட்டு வராத கலையரசன் இப்போது கயிற்றுக் கட்டிலில் கால் நீட்டினான். தீனதயாளன் சாத்தனூர் டேம் ஜிலேபி மீனை வாங்கி வந்து மசாலா தடவி வாழை இலையில் கட்டிச் சுடுவான். நாலு பேரும் ஒரே தட்டத்தில் பிய்த்துத் தின்றதைத் தெருவில் இரண்டு பேர் கேட்டபோது அம்சவள்ளி, “மீனுக்கு முள்ளு இருக்குதா இல்லியான்னுதான் நானு பாத்தேன், வேற ஒண்ணியும் பாக்கல,” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அவளுக்கு அந்தப் பாட்டு பிடித்ததா என்றால், தெரியாது. அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான். மாசியில் வந்த தம்பி வைகாசி பிறந்தும் போகவில்லை. விடியற்காலையில் எழுந்து கொட்டாய்ப் பக்கம் பார்த்தால் கட்டிலில் அவன் கால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதைப் பார்த்துவிட்டுத்தான் சாணி தெளிப்பாள். இந்தப் பேண்டு இருக்கிற வரைக்கும் இவன் இருப்பான் என்று அவளுக்கு ஒரு கணக்கு. ஆகவே குழம்பு வைத்தாள், டீ போட்டாள், கறிவேப்பிலைக்கு ஓடினாள். உள்ளுக்குள் சின்னதாக ஒரு கோபமும் இருந்தது. அக்காளுக்காக ஒரு வாரம் கூட இருக்காத பயல், இந்தச் சக்குச் சக்குக்காக இருக்கிறானே!

ஆனியில் திருக்கோவிலூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் வரவேற்புக்கு வாசிக்கக் கூப்பிட்டார்கள். அதற்கு முன்னாலும் இரண்டு மூன்று இடத்தில் வாசித்திருந்தார்கள், ஆனால் இவ்வளவு பெரிய மண்டபம் இல்லை. அம்சவள்ளி பட்டுப் புடவை கட்டிக்கொண்டு சுப்புராயனோடு ராசுவின் லோடு வண்டியில் முன்னால் உட்கார்ந்து போனாள். மண்டபத்தில் ஏசி போட்டிருந்தார்கள், பாதாம் பால் கொடுத்தார்கள், காலிஃபிளவரைச் சிவப்பாக வறுத்து ஒரு தட்டில் வைத்துக் குச்சி குத்திக் கொடுத்தார்கள். மேடையில் பெண்ணும் மாப்பிள்ளையும் போட்டோவுக்குச் சிரித்துச் சிரித்துக் களைத்திருந்தார்கள். தம்பி மைக்கைப் பிடித்து, “எல்லாருக்கும் வணக்கம், மோட்டார் கொட்டாய் பேண்டுங்க,” என்றபோது அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. பக்கத்தில் இருந்தவளிடம், “எந்தம்பி,” என்றாள்.

ராசு பாட்டை இழுத்தான். கிட்டார் வெட்டியது. கலையரசன் கண்ணை மூடிக்கொண்டான். அவள் குச்சியால் ஒரு துண்டைக் குத்தி வாய்க்குக் கொண்டுபோனாள். உள்ளங்காலில் ஏதோ ஏறியது. அது வரைக்கும்தான் அவளுக்கு நினைவு.

பிறகு கண் திறந்தபோது தலை முடி அவிழ்ந்து நனைந்திருந்தது, பட்டுப் புடவை முழுக்க மஞ்சள் தண்ணீர். வாய் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. கையில் வேப்பிலைக் கொத்து. எதிரில் கோட்டுப் போட்ட ஒரு ஆள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுக் கும்பிட்டபடி நின்றார். மேடையில் கலையரசன் பம்பையைக் கீழே வைத்து, அதன் முன்னால் குப்புற விழுந்து கிடந்தான்.

“இன்னாங்க ஆச்சி?” என்றாள்.

“வா, வண்டியில சொல்றேன்,” என்றான் சுப்புராயன்.

வண்டியில் வரும்போது சொன்னான்.

“சாமி வந்துடுச்சி உனக்கு. அம்மன். நாற்காலி எல்லாம் உருண்டுச்சி. எனக்கு எங்கடா வேப்பலன்னு கேட்ட. அங்க எங்க போவறது வேப்பலைக்கி? வாட்ச்மேன் ஓடிப் போயி ரோட்டோர மரத்த ஒடிச்சாந்தான். சமையக்காரன் மஞ்சாத்தூள தண்ணி பாட்டல்ல கலக்கிக் குடுத்தான். ஒருத்தன் பாதாம் பாலக் குடுத்தான், அத்தத் தட்டி வுட்டுட்ட.”

“அய்யோ. பொண்ணு வூட்டுக்காரங்க திட்டுனாங்களா?”

“திட்டறதா! பொண்ணோட அம்மா வுழுந்து கும்புட்டு, மூத்த பொண்ணுக்குக் கொழந்த எப்ப பொறக்கும்னு கேட்டுகினு இருக்குது. வரும் போன்னு சொல்லிட்ட. அவங்களுக்கு ஒரே சந்தோசம். நமக்குத்தான் வெச்சிட்ட வேட்டு.”

“இன்னா சொன்னேன்?”

சுப்புராயன் பின்னால் உட்கார்ந்திருந்தவர்களைத் திரும்பிப் பார்த்தான். “எச்சி எலைக்கு நடுவுல, செருப்புக் காலுக்கு நடுவுல என்னக் கூப்ட்டு நிக்க வெச்சிட்டீங்களேடான்னு கேட்ட. இந்த அடி என்னுது, என் வாசல்ல அடி, வேற எங்கினா இத்த அடிச்சீங்கன்னா... அப்படின்னுட்டு நிறுத்திட்ட.”

“அடிச்சா?”

“அத்த சொல்லல. அதான் எல்லாரும் பயந்து கெடக்கறாங்க.”

பின்னாலிருந்து கலையரசன் பேசினான். “தப்பு எம்மேலதாங்க்கா. ஆளு ஆடற அடி வேற, அம்மனக் கூப்புடற அடி வேற. கூப்புடற அடிய கரகம் இல்லாம, வேப்பல இல்லாம, வெரதம் இருக்கற ஆளு இல்லாம அடிக்கவே கூடாது. சின்னப் பசங்களுக்குக் கூட தெரியும். தீனா அண்ணன் வாசிக்கறாரு பாரு, அந்த சக்கு விழுற எடம், அது அப்படியே எங்க கூப்புடற அடிக்கி வாசப்படி மாதிரி. கொட்டாயில எல்லாம் கையக் கட்டிக்கினுதான் இருந்தேன். இன்னிக்கி அவரு பாட்டு ஏற ஏற, கை தானா உள்ள போயிடுச்சி.”

வண்டி தென்பெண்ணைப் பாலத்தைத் தாண்டியது. அம்சவள்ளி மடியில் இருந்த வேப்பிலையைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

மறுநாள் கலையரசன் பம்பையைத் துணியில் சுற்றி வீட்டுக் கூரை எரவாணத்தில் கட்டிவிட்டான். பம்பை இல்லாமல் ஒரு பிறந்தநாளுக்குப் போய் வாசித்துப் பார்த்தார்கள், உப்புப் போடாத கூழ் மாதிரி இருந்ததாக ராசுவே சொன்னான். சந்தோஷ் பழைய குழுவுக்குப் போய்விட்டான். ஆடிக் காற்று கிளம்பியது. கல்வராயன் மலை மேல் மேகம் இறங்கி இறங்கி ஏமாற்றியது, வெட்டிய கட்டையில் மறுபடி துளிர்த்த கரும்பு காற்றில் சாய்ந்து சாய்ந்து எழுந்தது. தீனதயாளன் சடையை அவிழ்த்துவிட்டு மாமனோடு கரும்புக்கு மண் அணைத்தான். மண்வெட்டியை வைத்துவிட்டு அடிக்கடி போனைப் பார்த்தான்.

“வர்க்கலா ஓனரு கூப்ட்டாருக்கா,” என்றான் ஒரு நாள், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே. “மழ வுட்டதும் கொட்டகைக்கி கீத்து மாத்தணுமாம். ஆவணி பொறந்ததும் கெளம்பலாம்னு பாக்கறேன்.”

“ஓ,” என்றாள் அம்சவள்ளி. இன்னொரு கரண்டி குழம்பை அவன் கேட்காமலே ஊற்றினாள். எழுந்து கொல்லைக்குப் போய் அரிவாளை எடுத்துக்கொண்டு, அறுக்க வேண்டாத புல்லையெல்லாம் அறுத்துத் தள்ளினாள். என்ன வாய் இந்த வாய்! இரு என்று ஒரு வார்த்தை சொல்ல வக்கில்லாத வாய், அத்தனை பேர் நடுவில் நின்று தம்பியின் பேண்டை ஒரே வெட்டாக வெட்டிவிட்டதே. அது சாமிதானா? இல்லை, உள்ளே கிடந்த அந்தச் சின்னக் கோபம் சாமி மேல் ஏறி வந்து பேசிவிட்டதா? யாரிடம் போய்க் கேட்பது? அறுத்த புல்லை மாடு தின்னத் தின்ன அவள் அழுதாள்.

சுப்புராயன் வந்து பக்கத்தில் குந்தினான். அவனும் வருத்தத்தில்தான் இருந்தான். மச்சான் வந்த பிறகு வேலை பாதியாகி, சிரிப்பு இரட்டிப்பாகியிருந்தது.

“ஏம்மே, நான் ஒண்ணு சொன்னா கோவிச்சிக்க மாட்டியே? அம்மன் என் வாசல்ல அடின்னு சொல்லியிருக்கா. மூணாவது வெள்ளிக்கெழம கூழு ஊத்தறாங்க. கலையரசனக் கேட்டேன், அங்க அடிக்கலன்னாத்தான் தப்பு, வரேன்னுட்டான். ராசுவும் வரான், சந்தோஷும் வரான். அடிச்சா உனக்கு சாமி வரும். வந்துச்சின்னா... கொஞ்சம் மாத்திச் சொல்லச் சொல்லேன்.”

“சாமி இன்னா கரண்டா? சுச்சிப் போட்டா வர்றதுக்கு?”

“வந்துச்சின்னா சரி. வராங்காட்டி...” அவன் குரலைத் தாழ்த்தினான். “லேசா ஆடு. யாரு கண்டா? எங்க வேணா அடிச்சிக்கடா, நான் கோவிச்சிக்கலன்னு ஒரு வார்த்த. பேண்டும் நிக்கும், மச்சானும் நிப்பான்.”

“கட்டையில போறவனே!” என்று அவன் தோளில் ஒன்று வைத்தாள். வைத்தாளே தவிர, அன்றிலிருந்து அவளுக்கு அதே யோசனைதான். மாவு கரைக்கும்போதும் அதுதான், மாடு கறக்கும்போதும் அதுதான். ஒரே ஒரு வார்த்தை. ஒரே ஒரு ஆட்டம். தம்பி இருப்பான்.

மூன்றாம் வெள்ளி காலையிலேயே கோயில் முன்னால் பெரிய அண்டாக்களில் கேழ்வரகுக் கூழ் தளதளத்தது. வெங்காயம் உரிக்கிற பெண்கள் ஒரு பக்கம், கருவாடு வறுக்கிற பெண்கள் ஒரு பக்கம், புகையில் எல்லோருக்கும் கண்ணீர். பேண்டு வாசிக்கப் போகிறது, அம்மன் உத்தரவை மாற்றப் போகிறாள் என்று ஊருக்கே தெரிந்திருந்தது. தெருப் பையன்கள் எல்லோரும் அம்மன் நல்ல பதிலாகச் சொல்ல வேண்டும் என்று அன்றைக்கு மட்டும் விபூதி பூசியிருந்தார்கள். அம்சவள்ளி விரதம் இருந்து, தலைக்கு ஊற்றிக்கொண்டு, மஞ்சள் புடவையில் வந்து நின்றாள். கலையரசன் பம்பையை அம்மன் காலடியில் வைத்து எடுத்தான். செருப்பெல்லாம் தெருக்கோடியில் கிடந்தது. எதிலும் குறை இல்லை.

வாசிக்க ஆரம்பித்தார்கள்.

அவள் காத்திருந்தாள். உள்ளங்காலைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். ராசுவின் குரல் மலையேறிப் போனது, திரும்பி வந்தது. கலையரசன் இந்தத் தடவை கையைக் கட்டவில்லை, கூப்பிடுகிற அடியை வாசல் திறந்து கூப்பிட்டான். ஒவ்வொரு அடிக்கும் நடுவில் அந்த இடத்தில், சரியாக அந்த இடத்தில், தம்பியின் கிட்டார் விழுந்தது. இத்தனை மாதமாக அடுப்படியில் இருந்துகொண்டும் டீ ஊற்றிக்கொண்டும் காதில் போட்டுக்கொண்ட பாட்டு. மண்டபத்தில் ஆரம்பத்திலேயே அவளைச் சாமி எடுத்துக்கொண்டு போய்விட்டது. இன்றைக்குத்தான் அவள் முதல் முறையாக முழுதாகக் கேட்கிறாள். அட, இவ்வளவு நன்றாகவா இருந்தது இது? கால் ஆடியது. அது சாமி ஆட்டம் இல்லை, பாட்டுப் பிடித்துப்போனவர்கள் எல்லோருக்கும் ஆடுகிற கால். அவளுக்குச் சிரிப்புக் கூட வந்தது.

சாமி வரவில்லை.

சுப்புராயன் பின்னாலிருந்து மெதுவாக, “அம்சா, ஆடு, லேசா,” என்றான். ஊரே அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. வாசித்துக்கொண்டே தம்பியும் பார்த்தான். அந்தப் பார்வையை அவள் பார்த்தாள். கொண்டையை அவிழ்த்தாள். முடி விழுந்ததும் பெண்கள் குலவை போட்டார்கள். இடுப்பை ஒரு அசைப்பு அசைத்தால் போதும், அவளுக்குத் தெரியாத ஆட்டமா? வாயைத் திறந்தாள். எதிரில் திரை விலகி, மஞ்சள் முகத்தோடு அம்மன் உட்கார்ந்திருந்தாள். ஆளை எதிரில் வைத்துக்கொண்டே அவள் பேரில் எப்படிப் பொய் சொல்வது? முடியவில்லை. ஆனால் திறந்த வாய் மூடவும் மாட்டேன் என்றது. அத்தனை வருஷத்துப் பேச்சும் தொண்டைக்கு வந்து நின்றது.

“போவாதடா,” என்றாள். “தீனா, போவாத. இங்கியே இரு.”

பூமாலை என்கிற பூசாரி கற்பூரத் தட்டோடு ஓடி வந்தார். அருள் வந்து பேசினால் முதலில் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டார். “அம்மா, தாயே, வந்திருக்கறது யாரும்மா? மாரியா, காளியா? சொல்லு தாயே!”

“யாரும் வரலண்ணா,” என்றாள். அழுகையில் குரல் உடைந்தது. “நான்தான். அம்சவள்ளி. அவன் அக்கா. நான்தான் சொல்றேன், அவன இருக்கச் சொல்றேன்.”

பூமாலைக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கற்பூரத்தை அம்மன் பக்கம் காட்டுவதா, இவள் பக்கம் காட்டுவதா என்று நடுவில் நின்றார். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். யாரோ கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். சுப்புராயன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தான்.

“ஆமா மச்சான்,” என்றான் ஊர் கேட்க. “இரு. உங்க அக்கா வூடுதான், உன் வூடுதான்.”

பேண்டு பாட்டைப் பாதியில் விடவில்லை, முடித்துத்தான் நிறுத்தியது. கலையரசன் பம்பையை இறக்கி வைத்து, பூசாரியைப் பார்த்து, அம்மன் ஒன்றும் சொல்லலியே என்றான். சொல்லவில்லை என்றார் பூமாலை. அப்படியென்றால் பழைய உத்தரவு பழைய உத்தரவுதான், கோயில் வாசலைத் தவிர வேறெங்கும் அடி கிடையாது. ஆளுக்கொரு பக்கம் வயரைச் சுற்றினார்கள். மோட்டார் கொட்டாய் பேண்டு அன்றைக்கு மத்தியானத்தோடு முடிந்தது. யாருக்கும் பெரிய வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. கூழ் சூடாக இருந்தது.

தீனதயாளன் கிட்டாரைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டு அக்காளிடம் வந்தான். அவள் முடியை முடிந்துகொண்டு, வெட்கத்தில் அவன் முகத்தைப் பார்க்காமல் நின்றாள்.

“ஒவ்வொரு தபா நான் கெளம்பசொல்லோ பஸ் ஏத்தி வுட வந்து நிப்ப,” என்றான். “ஜன்னலாண்ட வந்து நீ சொல்லுவன்னு பாத்துகினே இருப்பேங்க்கா. பஸ் திரும்பற வரைக்கும் பாப்பேன். நீ பத்திரம்னு மட்டும் சொல்லுவ.”

அவள் தலையை ஆட்டினாள்.

“சரி, ஓனருக்கு போன் பண்ணி வரலன்னு சொல்லிடறேன்,” என்றான் அவன். “கூழு ஊத்து, பசிக்குது.”